வெயிலுமுத்து பார்த்துக்கொண்டிருந்த இலை

செங்கால்பொத்தைக்குத் தெற்கே, குவாரி லாரிகள் போய்வருகிற செம்மண் சாலையில் கிளம்பின புழுதி, ஒரு மாசி மாதத்தில், கீழே இறங்குவதை நிறுத்திக்கொண்டது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஏறினபிறகு இறங்காத பொருள்கள் அந்த ஊரில் ஏற்கனவே இருந்தன: உர விலை, பஞ்சாயத்துத் தலைவரின் மைத்துனர், சங்கரவடிவின் வலது முழங்கால் வீக்கம். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று நினைத்து, பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், ஆண்கள் துண்டால் பொத்திக்கொண்டு போனார்கள், லாரி ஓட்டுநர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்துத்தான், புழுதி சும்மா நிற்கவில்லை, ஆளாக நிற்கிறது என்பது தெரிந்தது.

சாலையில் நடக்கிற ஆள் எங்கேயாவது ஒரு கணம் நிற்பார், பையைத் தோள் மாற்றுவதற்கோ, பீடி பற்றவைப்பதற்கோ, செருப்பில் ஏறின கல்லை உதறுவதற்கோ. பிறகு அவர் போய்விடுவார். அவர் காலடியில் கிளம்பின புழுதி அவர் உயரத்துக்கு எழும்பி, அவருடைய தோளும் தொந்தியும் கூனலும் கையில் தூக்கின வாளியுமாக அங்கேயே நிற்கும். லாரி ஊடே போனால் தண்ணீரில் கை விட்டதுபோல விலகிக்கொடுத்து, போனபிறகு மறுபடி கூடிக்கொள்ளும். காற்றுக்கு லேசாக ஆடும், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு உருவம்தான். அதே ஆள் அடுத்த தடவை அந்த வழியில் நடந்தால் பழையது உதிர்ந்து புதியது எழும்பும். ஆகவே தினமும் போய்வருகிறவர்கள் தினமும் இடம் மாறினார்கள். திரும்பி வராதவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மினிபஸ் ஓட்டுநர் ஆரம்பத்தில் உருவங்களுக்கெல்லாம் ஹாரன் அடித்தார், பிறகு சலித்துப்போய் உயிருள்ளவர்களுக்கும் அடிப்பதை விட்டுவிட்டார். மாப்பிள்ளை பார்க்க வருகிற வீட்டார் முதலில் சாலைக்குப் போய், பையனின் உருவத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறானா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார்கள். சாராயக் கடைக்குத் திரும்புகிற முடுக்கில் நெருக்கமாக உருவங்கள் நின்றதால், குடிக்கிறவர்கள் வாய்க்கால் கரை வழியாகப் போகக் கற்றுக்கொண்டு, அதில் இரண்டு பேர் வாய்க்காலில் விழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக்குப் போன ஆடுகள், திரும்பி வர வழியில்லாதபடியால், ஒன்றின் பின் ஒன்றாக வேலியோரம் நின்று, இல்லாத புல்லை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன. இதை விசாரிக்க வந்த அதிகாரிகள், இது கனிமத்தில் சேருமா வருவாயில் சேருமா என்று சாலையில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள், மறுபடி வரவில்லை. ஆகவே ஜீப் கதவைத் திறக்கிற நிலையில் அவர்களும் நின்றார்கள். சித்திரையில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஜெயித்தும் போனார், அவருடைய உருவம் மட்டும் கும்பிட்ட கையோடு நின்றது. யாரும் பதிலுக்குக் கும்பிடவில்லை என்றாலும், எல்லாரும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் ஒதுங்கியே போனார்கள்.

இதில் உண்மையாகவே லாபம் பார்த்தது செம்பேன் ஒன்றுதான். பேன் என்பது ஊர் வைத்த பெயர். தலையில் ஊர்கிற பேனுக்கு ஆறு கால், இதற்கு எட்டு, ஆகவே முறைப்படி இது சிலந்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் அண்ணனைப்போல வலை விரித்துக் காத்திருந்து ஈயைப் பிடிக்கிற பாடெல்லாம் படாமல், எலுமிச்சை இலையின் அடிப்பக்கத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாற்றைக் குடித்து, குடித்த இடத்தை வெளிறவைத்து, வெயில் ஏற ஏறப் பெருகும். இலையை வெள்ளைத் தாளில் தட்டினால் மிளகாய்த்தூள் சிந்தினதுபோல விழும், விழுந்தபிறகு நடக்கும். தாகத்தில் நிற்கிற மரமும் புழுதி படிந்த இலையும் அதற்குத் தாய்வீடு. அதைத் தின்கிற கருப்பு வண்டு ஒன்று உண்டு, கடுகில் பாதி இருக்கும், பேனைத் தவிர வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காது. ஆனால் புழுதி படிந்த இலையில் கால் வைக்க அதற்குப் பிடிக்காது. செங்கால்பொத்தையின் எலுமிச்சைத் தோட்டங்கள் எல்லாமே சாலையோரம் இருந்தன. சாலையோ நின்றுகொண்டே இருந்தது.

சங்கரவடிவின் தோட்டம் சாலை வளைகிற இடத்தில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் வெயிலுமுத்து நல்ல மனுஷர், ஆனால் அவர் வாயிலிருந்து வந்த எதுவும் பலித்ததாக ஊரில் சரித்திரம் கிடையாது. மழை வரும் என்றால் வராது. கிணறு ஊறும் என்றால் வற்றும். தாங்கள் ஜெயிப்போம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று வேட்பாளர்கள் பயந்தார்கள். பங்குனியில் ஒரு காலையில், தோட்டத்து மோட்டார் அறை வாசலில், கணவனும் மனைவியும் இப்படிப் பேசிக்கொண்டார்கள்:

"நாலு நாள் பொறு வடிவு. கருப்பு வண்டு வர ஆரம்பிச்சிருக்கு. நான் பாத்தேன். அதுவே தின்னு முடிச்சிரும்."

"நீங்க பாத்தது என்னைக்குப் பலிச்சிருக்கு? பேசாம போயி மருந்து வாங்கிட்டு வாங்க."

"போன மருந்து அடிச்ச பொறவுதான பேன் கூடிச்சு?"

"அதனாலதான் வேற மருந்து வாங்கச் சொல்லுதேன்."

 வெயிலுமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாலைக்குப் போனார். போகிற வழியில் தோட்டத்தின் மூலை மரத்தருகே நின்று, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு இலையைப் பறித்து, திருப்பி, வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். பிறகு மினிபஸ் ஏறி டவுனுக்குப் போய், மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தபோது அவர் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் புழுதிச் சாலைக்குள் வர முடியாது என்று சொல்லிவிட்டதால், வடக்கே தார் ரோடு வழியாகச் சுற்றி அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அந்த வழியாகவே சுடுகாட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஆகவே மூலை மரத்தருகே, கக்கத்தில் பையும், அண்ணாந்த முகமும், உயர்த்திய வலது கையில் ஒரு இலையுமாக, வெயிலுமுத்து நின்றுவிட்டார்.

மற்ற உருவங்களைவிட இது நன்றாக விழுந்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், ஏதோ போட்டோவைப் பற்றிச் சொல்வதுபோல. காதோரத்து மச்சம்கூடத் தெரிந்தது. சங்கரவடிவு காலையில் தோட்டத்துக்கு வந்ததும் அங்கே போய்ச் சற்று நேரம் நிற்பாள், அவள் போனபிறகு அவளுடைய உருவம் அவருடைய உருவத்தைப் பார்த்தபடி அடுத்த காலை வரை நிற்கும். கல்யாணமான காலத்திலிருந்து இருவரும் இவ்வளவு நேரம் எதிரெதிரே நின்றது கிடையாது.

வெயிலுமுத்துவின் அக்காள் பேச்சியம்மாள் வெயில் தாழ்ந்ததும் ஒரு ஓலைப்பாயோடு வந்து, மூலை மரத்து நிழலில் விரித்து, தம்பியின் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். தம்பியை மருந்துக்கு அனுப்பினவள் யார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் சங்கரவடிவோடு பேசுவதில்லை, பேச வேண்டியதைப் புழுதியிடம் பேசினாள்.

"கேட்டியா தம்பி, ஓம் பொண்டாட்டி இன்னைக்கும் மருந்து கலக்குதா. நீ வாங்கப் போன அதே மருந்தாம். நீ வாங்காட்டா என்ன, கடையில வேற ஆளுக்குக் கொடுக்க மாட்டானாக்கும்."

சங்கரவடிவு அதே மருந்தைத்தான் ஆள் விட்டு வாங்கியிருந்தாள். அவர் உயிரைக் கொடுத்து வாங்கப் போன பொருளை வாங்காமல் விட்டால் அவர் போனதற்கே அர்த்தமில்லாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியது. அவருடைய ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு, வரிசை வரிசையாக அடித்தாள். சில நாள் தோட்டம் அமைதியாக இருந்தது. பிறகு பேன் முன்னைவிடப் பெருகி, கொழுந்துகளுக்கு மேல் வெள்ளையாக நூலாம்படை கட்டி, இலைகள் வெண்கலப் பாத்திரம் மங்கினதுபோல மங்கி உதிர்ந்தன. அவள் மறுபடி அடித்தாள். மறுபடி அது பெருகியது. ஊரில் எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான், எல்லாரும் இதையே செய்தார்கள். மருந்து தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள்கூட, அடித்தது போதவில்லை என்றுதான் சந்தேகப்பட்டார்கள்.

ஆனி பிறந்தது. மேற்கு மலையில் மேகம் கூடுகிற மாதம், சாரல் இறங்குகிற மாதம், ஊர் அண்ணாந்து பார்க்கிற மாதம். வழக்கமாக அய்யனார் கோயிலில் பொங்கல் வைத்து மழை கேட்பார்கள். அந்த வருஷம் பொங்கல் வைத்தார்கள், சேவல் அறுத்தார்கள், ஆனால் பூசாரி வேண்டுதலைச் சொல்லவேண்டிய இடத்தில் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. மழை விழுந்தால் சாலை கரைந்துவிடும். சாலையில் ஆவுடையம்மாளின் மகன் மாரிச்செல்வம் நின்றான், திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனபிறகு போன் எடுக்காதவன். பிரசவத்துக்குப் போய் வராத ஒரு மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டார். விவசாயிகள் கூடி நின்று மழை கேட்காமல் கலைந்துபோன ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும். அய்யனாரும் சொன்னதைக் கேட்கிற சாமி, சொல்லாததையும் கேட்டார்; சாரல் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது.

தோட்டக்கலை அலுவலர் ஆரோன் அப்போதுதான் வந்தார். நாற்பது ஊருக்கு ஒரே ஆளாக அலைகிறவர், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினால் சற்று நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கழுத்தில் கயிற்றில் கட்டின பூதக்கண்ணாடியை எடுத்து, சங்கரவடிவின் தோட்டத்துக்குள் வெவ்வேறு மரங்களில் கைக்கு வந்த இலைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"மருந்த நிறுத்துங்கம்மா."

"நிறுத்தினா எல்லாம் போயிருமே சார்."

"அடிச்சும் போயிட்டுத்தானே இருக்கு. இந்த மருந்து பேனையும் கொல்லுது, பேனைத் தின்கிறதையும் கொல்லுது. பேன் ஒரு வாரத்துல திரும்பி வந்துரும். மத்தது வர மாசக்கணக்கா ஆகும். நடுவுல கேக்க ஆளில்லாத ராஜ்ஜியம்தான்."

"அப்பம் என்னதான் செய்ய?"

"மரத்துக்குத் தண்ணி விடுங்க, காஞ்ச மரத்தத்தான் அது மொதல்ல தேடும். இலையக் கழுவுங்க. அப்புறம் ரோட்ட நனைங்க. தினமும் நனைங்க. புழுதி அடங்கினா வண்டு தானா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வேலிக்கு அப்பால் பார்த்தார். அண்ணாந்த முகத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கீழே ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படியே விட்டா?" என்று சங்கரவடிவு கேட்டாள்.

"ஐப்பசிக்கு மரம் இருக்காது."

அந்தத் தோட்டம் போனால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இல்லை, வேறு நிலம் இல்லை, அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போக முழங்கால் இல்லை. அவரும் அவளும் வைத்து வளர்த்த மரங்கள். ஆனால் அந்த மரங்களை வைத்தவரே சாலையில்தான் நின்றார். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வேலியோரத்து உருவங்களுக்கு உரியவர்களைத் தேடி, சாலையை நனைக்கச் சம்மதம் கேட்டு வீடு வீடாகப் போனாள்.

எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், எல்லா வீட்டிலும் பேன் இருந்தது, எல்லாரும் ஆரோன் சார் சொன்னதைத் தங்களிடமும் சொன்னதாகச் சொன்னார்கள், யாராவது முதலில் நனைக்கட்டும் என்றார்கள். கடைசியாக ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனாள். ஆவுடையம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கிற வரை கையை நிறுத்தவில்லை.

"அவன் பையத் தோள் மாத்துததுக்கு அந்தப் பக்கமா திரும்பி நின்னிருக்கான்," என்றாள் ஆவுடையம்மாள். "தெனமும் போயி முதுகத்தான் பாக்கேன். முன்னால போயி நின்னு பாத்தாலும் குனிஞ்ச தல. பாத்துப் பாத்து, இப்பம் கண்ண மூடினாலும் முதுகுதான் வருது. முகம் மறந்துபோச்சு வடிவு. நனைச்சிரு."

கடற்கரை என்கிறவன் டிராக்டரில் தண்ணீர் டேங்க் வைத்திருந்தான். திருச்செந்தூரில் பிறக்கவேண்டியவன் பெயர் மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனும் கடலைப் பார்த்ததில்லை. குவாரிக் குழியில் தேங்கின தண்ணீரை மோந்துகொண்டு வந்து, பின்னால் குழாயைத் திறந்துவிட்டு, வேலியோரமாக மெல்ல ஓட்டினான். ஊர் நின்று பார்த்தது. தண்ணீர் பட்டதும் உருவம் கருத்தது, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது, பிறகு முழங்காலிலிருந்து மடிந்து உட்கார்ந்து சேறானது. மாரிச்செல்வம் உட்கார்ந்தபோது ஆவுடையம்மாள் இரும்புச் சட்டியோடு போய், அந்தச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துப்போய்த் தன் முருங்கை மரத்தின் அடிமூட்டில் கொட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் சட்டி எடுத்து வந்தார்கள், அது அப்படியே வழக்கமாகிவிட்டது. மருமகளை ரோஜாத் தொட்டியில் போட்டார்கள். ஆடுகளின் மண்ணைக் கறிக்கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டுபோய்க் கடை வாசலில் மெழுகினார். வேட்பாளரை யாரும் அள்ளவில்லை, லாரி டயர்கள் கொண்டுபோயின.

டிராக்டர் மூலை மரத்துக்கு வந்தது. பேச்சியம்மாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கடற்கரை திரும்பிச் சங்கரவடிவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அத்தை," என்றான்.

அவள் தலை நிமிரவில்லை. அவன் கையை நீட்டிக் குழாயை மூடி, வெயிலுமுத்துவைத் தாண்டினபிறகு மறுபடி திறந்தான். ஊர் அதையும் பார்த்தது.  சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

தினமும் தண்ணீர் தெளித்தார்கள். இலைகளைக் கழுவினார்கள், ஸ்பிரேயரில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றி, இலையின் அடிப்பக்கம் படும்படிக் கீழிருந்து மேலாக அடித்தார்கள். உள் வரிசை மரங்களில் கொழுந்து பச்சையாக வந்தது. மூலை மரத்தில் வரவில்லை. அதைச் சுற்றி மட்டும் சாலை காய்ந்து கிடந்தது, லாரி போகும்போதெல்லாம் அந்த வட்டத்திலிருந்து மட்டும் புழுதி கிளம்பியது. மூலை மரத்தின் நூலாம்படை பக்கத்து மரத்துக்குத் தாவியது, நூலைப் பிடித்துக்கொண்டு காற்றில் பறக்கத் தெரிந்த பிராணி அது, அங்கிருந்து அடுத்த மரத்துக்குப் போனது, வேலி தாண்டி அடுத்த தோட்டத்துக்கும் போனது. சங்கரவடிவு பக்கத்து மரத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தாள். மூலை மரத்தையே வெட்டலாமா என்றும் யோசித்தாள். ஆனால் மரமே இல்லாத இடத்தில் ஒரு மனுஷர் கையில் இலையோடு அண்ணாந்து நின்றால், உயிரோடு இருந்தபோது சிரித்ததைவிட ஊர் அதிகமாகச் சிரிக்கும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

ஒரு நாள் ஆவுடையம்மாள் அந்த வழியாக வந்தாள். மகனின் இடத்தில் நிற்கவில்லை, அங்கே நிற்க ஒன்றும் இல்லை. நேராக வெயிலுமுத்துவிடம் வந்து, சற்று நேரம் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். வேலிக்கு உள்ளே சங்கரவடிவு வாளியோடு நின்றாள்.

"ஒனக்கு முகமும் தெரியுது," என்றாள் ஆவுடையம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சங்கரவடிவு வாளியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு மோட்டார் அறைக்குப் போய், அவருடைய ஸ்பிரேயரை நிறையத் தண்ணீர் பிடித்து, முதுகில் ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்தாள். டிராக்டரை அழைக்கவில்லை. பேச்சியம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள், அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

சங்கரவடிவு கீழிருந்து ஆரம்பித்தாள், அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி. பாதம், கெண்டைக்கால், மடித்துக் கட்டின வேட்டி. ஸ்பிரேயரின் தண்ணீர் டேங்கின் தண்ணீரைப்போல அடிக்காது, பனிபோல விழும். ஆகவே அவர் உடனே மடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறி, வெளுத்த புழுதி நிறம் மாறி, கருஞ்சிவப்பாகி, அவருடைய சொந்த நிறத்துக்கே வந்தார். செத்த நாளிலிருந்து அவர் இவ்வளவு அவராக இருந்ததில்லை. கையை நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நிறுத்தினால் வெயில் மறுபடி காயவைத்துவிடும். அவள் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். வெயிலுமுத்து முழங்காலில் மடிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, உயர்த்தின கை கடைசியாக இறங்கும்படி, சாலையில் படுத்தார்.

பேச்சியம்மாள் சட்டியோடுதான் வந்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாயின் விரிக்காத முனைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். எத்தனை நாளாக வைத்திருந்தாளோ.

"தலப்பக்கம் எனக்கு," என்றாள். மாசக்கணக்கில் முதல் தடவையாக நேராகச் சங்கரவடிவிடம் பேசினாள்.

"எல்லாம் ஒரே சேறா கெடக்கு மைனி. இதுல தல எது, கால் எது."

"நான் பாத்துகிட்டுத்தான நின்னேன். தல வடக்காம விழுந்துச்சு. கால் பக்கம் ஒனக்கு. நீ சொல்லித்தான அந்தக் கால் நடந்துச்சு."

 "சரி மைனி," என்றாள்.

இருவரும் குந்தி உட்கார்ந்து அள்ளினார்கள். ஒருத்தி வடக்கிலிருந்து, ஒருத்தி தெற்கிலிருந்து. ஒரு லாரி வந்து, பெண்கள் சேறு அள்ளுவதைப் பார்த்து, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. நடுவில் ஒரு கைப்பிடி மண் மிஞ்சியது, இலை வைத்திருந்த கை விழுந்த இடம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அதை நீயே வச்சுக்க," என்றாள் பேச்சியம்மாள். "இத்தன நாள் காலடியில கெடந்தேன், ஒரு நாளு குனிஞ்சு என்னப் பாத்தானா. எலையத்தான் பாத்துகிட்டு நின்னான்."

சங்கரவடிவு தன் பங்கை மூலை மரத்து மூட்டில் கொட்டி, மேலே தண்ணீர் விட்டாள். மறுநாள் அந்த வட்டமும் நனைந்தது. அந்த வாரம் மேகம் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கி, ஒரு நடை சாரல் பெய்தது, பருவம் தப்பினபிறகுதான். ஊர் திட்டிக்கொண்டே துணியை எடுத்து உள்ளே போட்டது.

சில வாரம் கழித்து, வெயில் ஏறுகிற நேரத்தில், சங்கரவடிவு மூலை மரத்தில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். ஆரோன் சார் விட்டுப்போன பழைய பூதக்கண்ணாடி அவளிடம் இருந்தது. இலையின் நடு நரம்போரம் கருப்பாக ஏதோ ஒன்று, கடுகில் பாதி, மிளகாய்த்தூளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு, அவசரமில்லாமல் நகர்ந்தது. பக்கத்து இலையிலும் ஒன்று. அதற்கடுத்த இலையில் இரண்டு. அவள் வெகுநேரம் அப்படியே நின்றாள்.

சாலையில் பேச்சியம்மாள் கீரைக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒரு நிமிஷம் இங்கன வாங்க."

பேச்சியம்மாள் வேலியருகே வந்து கண்ணாடியை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பிக் கொடுத்தாள். "எனக்குக் கண்ணா தெரியுது. என்ன இருக்கு அதுல?"

"ஒங்க தம்பி அன்னைக்குச் சொன்னாவல்லா, கருப்பு வண்டு வருதுன்னு. இந்த மரத்துலதான் பாத்துட்டு நின்னிருக்காவ. வந்திருக்கு மைனி. அவிய சொன்னது சரிதான்."

பேச்சியம்மாள் கீரைக்கட்டை இடுப்பு மாற்றிக்கொண்டாள். நனைந்த சாலையைப் பார்த்தாள், அதில் யாருடைய உருவமும் இல்லை, எல்லாருடைய காலடியும் படுத்துக் கிடந்தது.

"வெயிலுமுத்து சொன்னது சரியாப் போச்சா," என்றாள். "அதிசயந்தான்."

புழுதி ஆளாக நின்ற அந்த வருஷத்தில், செங்கால்பொத்தையில் அந்தச் சொல்லை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.